வேலைக்குப் பணம் தரவேண்டியது யார்?

சென்ற மாதம் கடலூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, நீங்க சொன்னா கேட்பா. விளையாட்டுத் துறையிலதான் வேலைக்குப் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நாலு வார்த்தை சொல்லி பேங்க் பரீட்சைக்குப் படிக்க வையுங்க. விளையாட்டு சோறு போடுமா?" என்றார். 'அவள்' என்பது என் பேத்தி. பி.காம். முடித்திருக்கிறாள். பள்ளியில் பாட்மிண்டன் ஆடினாள், மாவட்ட அளவோடு நின்றுவிட்டது. அதில் அவளுக்கு மயக்கம் எதுவும் இல்லை. "ஆட்டக்காரியா வர முடியாதுன்னு எனக்கே தெரியும் தாத்தா. ஆனா அந்த இடத்தை விட்டு வெளியே வர மனசில்ல" என்று என்னிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள், கையோடு வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த ஒரு புத்தகமும் கொண்டுவந்தாள். விளையாட்டு மேலாண்மைப் படிப்பாம். பதினொரு மாதம். கட்டணம் 3,40,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம். அட்டையில் ஒரு பெண் காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவில் நிற்கிறாள். "நீ வச்சிட்டுப் போம்மா, ராத்திரி படிச்சுப் பார்க்கிறேன்" என்றேன்.

முப்பத்தைந்து வருடம் எழுத்தர் வேலை பார்த்தவன் எதையும் இரண்டு முறை படிப்பான். முதல் முறை என்ன சொல்லியிருக்கிறது என்று, இரண்டாவது முறை என்ன சொல்லவில்லை என்று. பென்சிலோடு உட்கார்ந்தேன். 'வேலைவாய்ப்புக்கு உதவி' என்று மூன்று இடத்தில் இருந்தது. வேலை என்று ஓரிடத்திலும் இல்லை. 'முன்னணி லீக் போட்டிகளில் நேரடி அனுபவம்' என்று ஐந்து இடத்தில். சம்பளம் என்ற சொல், உதவித்தொகை என்ற சொல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினாலும் கிடையாது. 'சர்வதேசத் தரத்துக்கு இணையான டிப்ளமோ' என்றிருந்தது. இணை என்று சொன்னவர் யார்? கையெழுத்துப் போடப்போவது எந்தப் பல்கலைக்கழகம்? அதற்கும் விடை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, பிரிவு 22: பட்டம் வழங்கும் உரிமை சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகத்துக்கும் அதற்கு நிகராக அறிவிக்கப்பட்ட நிறுவனங்களுக்கும்தான் உண்டு. ஆகவே கெட்டிக்காரர்கள் 'பட்டம்' என்று எழுதுவதில்லை. 'சான்றிதழ்' என்று அச்சடித்துக்கொள்ள யாருக்குத் தடை? காகிதக் கடைக்காரரும் கொடுக்கலாம்.

அனுபவம் என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். என் தம்பி மகன் மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஓரிடத்தில் பணம் கட்டிப் படித்தான். ஒரு லீக் போட்டிக்கு 'அனுபவம் பெற' அனுப்பினார்கள். நாற்பத்தோரு நாள். காலை ஒன்பது மணிக்குப் போனால் ஆட்டம் முடிந்து, பதாகை சுருட்டி, நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவான். நாற்காலிகளில் எண் ஒட்டினான், தண்ணீர்க் கேன் தூக்கினான், விருந்தினர்களின் கார் எங்கே நிற்கவேண்டும் என்று கை காட்டினான். பஸ் செலவும் தங்கும் செலவும் அவன் அப்பாவுடையது. முடிவில் இரண்டு டீ-ஷர்ட், கழுத்தில் மாட்டும் ஓர் அட்டை, ஒரு சான்றிதழ். சம்பளம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டானாம். "ஆட்டக்காரங்களை இவ்வளவு பக்கத்துல பார்க்க ஊரே தவம் கிடக்கு, நீ சம்பளம் கேக்கறியே" என்று பதில் வந்தது. இப்போது ஒரு செல்போன் கடையில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அந்த டீ-ஷர்ட்டை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வாலண்டியர்'. தமிழில் தன்னார்வத் தொண்டர். தொண்டு என்ற சொல்லை இவர்கள் கையில் பார்க்கும்போது எனக்கு வாய் கசக்கிறது. வில்லியனூர் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கிறவன் கூலி கேட்பதில்லை, உண்மை. ஆனால் அங்கே வாசலில் டிக்கெட் விற்பதில்லை, தேர்ச் சக்கரத்தில் குளிர்பான விளம்பரம் ஒட்டுவதில்லை, தேர் ஓடுவதைக் காட்டும் உரிமையை ஏலம் விடுவதில்லை. ஐ.பி.எல். கிரிக்கெட்டின் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்து வருடத்துக்கு 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. எல்லா விளையாட்டிலும் இந்தப் பணம் இல்லை, தெரியும். சின்ன லீக்குகள் கையைப் பிசைந்துகொண்டுதான் நடக்கின்றன. ஆனால் மேடை போட்டவனுக்கும் விளக்குக் கட்டியவனுக்கும் ஒலிபெருக்கிக்காரனுக்கும் சின்ன லீக்கும் பணம் கொடுத்துத்தானே ஆகிறது? அவர்களிடம் போய் 'அனுபவம் கிடைக்கும்' என்று சொல்லிப் பார்க்கட்டும், ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். படித்த பிள்ளையிடம் மட்டும்தான் இது செல்லுபடியாகிறது.

நான் பிரெஞ்சு மொழி வழியில் படித்தவன். அதனால் ஆங்கிலத்தில் குறிப்பெழுதக் கற்றுக்கொள்ள அலுவலகத்தில் நான் பட்ட பாட்டை முன்பே ஒரு பதிவில் எழுதிவிட்டேன். அந்தப் படிப்பு எனக்குக் கொடுத்த ஒரு நன்மை, ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவில் வேலி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம். பிரெஞ்சில் கூலி வாங்காமல் மனமுவந்து செய்பவன் 'பெனெவோல்'. சம்பளத்துக்கு வேலை செய்பவன் 'சலாரியே'. தொழில் பழக வந்தவன் 'ஸ்தாழியேர்'. மூன்றும் மூன்று ஆள். அந்நாட்டு நீதிமன்றங்கள் பெயரைப் பார்ப்பதில்லை. ஒருவர் கட்டளையிட, இன்னொருவர் குறித்த நேரத்துக்கு வந்து அதைச் செய்து, செய்யாவிட்டால் தண்டனையும் உண்டு என்றால், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது வேலைதான், ஊதியம் உண்டு என்கின்றன. தொழில் பழக வந்தவனையும் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் சட்டப்படி தொகை கொடுத்தாக வேண்டும். என் தம்பி மகன் ஒரு நாள் காய்ச்சலில் போகாமல் இருந்ததற்கு அவனுடைய அட்டையைப் பிடுங்கப் பார்த்தார்கள். பிறகு அவன் என்ன தொண்டன்?

பிரான்சு சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுமார் 45,000 பேர் சம்பளமில்லாமல்தான் நின்றார்கள், தங்கும் இடமும் அவரவரே பார்த்துக்கொண்டார்கள். இது சரியா என்று அங்கேயும் சண்டை நடந்தது. ஆனால் அந்த 45,000 பேரில் யாரிடமும் முதலில் மூன்றரை லட்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு 'வா, வந்து நாற்காலியில் எண் ஒட்டு' என்று சொல்லவில்லை. வேலை கொடுப்பவன் பணம் கொடுப்பது ஒரு முறை. வேலை செய்பவன் சும்மா செய்வது இரண்டாவது முறை. வேலை செய்பவனே பணமும் கொடுப்பது என்ற மூன்றாவது முறையை நம் ஊரில்தான் கண்டேன்.

சான்றிதழ் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. அதைச் சொல்லாமல் பிறரைக் குறை சொல்வது நியாயமில்லை. சில வருடங்கள் நான் இருந்த பிரிவில் விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை என்னுடையது. மத்திய அரசு விதியில் அதற்கென்று படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் படிவம், தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு இரண்டாம் படிவம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்றாவது, பள்ளிகளுக்கு நான்காவது. ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்திட வேண்டும் என்றும் இருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகள் வேறு காகிதங்களோடு வருவார்கள். கெட்டி அட்டை, தங்க நிற முத்திரை, மேலே பெரிய எழுத்தில் 'நேஷனல்'. அங்கீகாரம் இல்லாத ஏதோ ஓர் அமைப்பு, வெளிமாநிலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்திய போட்டி. போய்வந்த செலவும் நுழைவுக் கட்டணமும் அப்பன் காசு. நான் 'விதிப்படி ஏற்பதற்கில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். ஒரு முறை பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகனோடு வந்து என் மேசைக்கு முன் நின்றார். "நேஷனல்னு போட்டிருக்குதே ஐயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் போடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் எழுதிய குறிப்பில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் எந்த அமைப்பின் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று ஒரு தாளில் தட்டச்சு செய்து, அலுவலக வாசலில் ஒட்டியிருக்கலாம். அதற்கு மேலதிகாரி அனுமதிகூடத் தேவைப்பட்டிருக்காது. ஒட்டவில்லை. பென்ஷன் வாங்கும் வயதில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு சொன்னதும் மாப்பிள்ளைக்கு மகிழ்ச்சியாக இருக்கும், மாமா நம் பக்கம் என்று. இல்லை. 'விளையாட்டு சோறு போடுமா' என்று கேட்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. சோறு போடும் கதவு எது என்று பிள்ளைக்குக் காட்டத் தெரியாதவர்கள்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பிள்ளை என்ன செய்யும்? கதவு மாதிரி வரைந்திருக்கும் சுவரில் போய் முட்டிக்கொள்கிறது. ஆக, அந்த வழவழப்பான புத்தகத்துக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுப்பவர் மாப்பிள்ளைதான்.

என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. சாயங்காலம் ஆனால் கூட்டாளிகளோடு பெத்தாங் ஆடக் கிளம்பிவிடுவார். இரும்புக் குண்டுகளை ஒரு சின்ன மரக் குண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி வீசும் ஆட்டம். தென் பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில் 1907 வாக்கில் பிறந்தது, புதுச்சேரியில் இன்றும் ஆடுகிறார்கள். அந்தக் குண்டு ஒவ்வொன்றும் 650 கிராமிலிருந்து 800 கிராமுக்குள் இருக்கவேண்டும், எடையைக் குண்டிலேயே பொறித்திருப்பார்கள். துடைத்து வைப்பது என் வேலை. பெட்டியில் இருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன்: சேன்-போனே-லெ-ஷத்தோ. "இங்க என்ன பெரியப்பா இருக்குது?" என்று கேட்டேன். "அந்த ஊர்ல பாதிப் பேருக்கு இந்தக் குண்டுதாண்டா சோறு" என்றார். பாதி என்பது அவருடைய கணக்கு. ஆனால் அந்தச் சின்ன ஊரில் ஓபுட் என்ற கம்பெனி 1955 முதல் குண்டு செய்துகொண்டிருப்பதும், அந்த ஆட்டத்துக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருப்பதும் நிஜம். இரும்பு உருட்டுகிறவன், எடை பார்க்கிறவன், பெட்டி கட்டுகிறவன், கணக்கு எழுதுகிறவன், எல்லோரும் விளையாட்டுத் துறையில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சாம்பியனாக இருக்கவேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் மட்டை, பந்து செய்யும் தொழிலை ஊன்றினார்கள். இன்றைக்கும் அந்த இரண்டு ஊர்களிலும் அதுதான் பெரிய பிழைப்பு. அங்கே ஏற்றுமதிக் கணக்குப் பார்க்க பி.காம். படித்த ஆள் வேண்டாமா?

மைதானத்துக்குள்ளேயே நிற்கவேண்டும் என்ற ஆசைக்கும் வழி இருக்கிறது. நம் சென்னை வெங்கட்ராகவன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 57 டெஸ்ட் ஆடினார். அதன்பின் நடுவராக 73 டெஸ்டில் நின்றார். ஆடியதைவிட நின்றது அதிகம்! அவர் பெரிய ஆட்டக்காரர், கதை வேறு என்பீர்கள். சரி, இந்தூரைச் சேர்ந்த நிதின் மேனனைப் பாருங்கள். ஆட்டக்காரராகப் பெயர் எடுத்தவர் அல்ல. இளவயதிலேயே ஆட்டத்தை விட்டு நடுவர் தேர்வு எழுதினார். 2020இல் உலகின் உயர்நிலை நடுவர் குழுவில் இடம் பிடித்தார். அவர் சுவரில் மாட்டிய காகிதத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் உடனே பதில் சொல்லலாம்: அந்த விளையாட்டை நடத்துகிற அமைப்பே. செஸ் நடுவர் வேலையும் அப்படித்தான். உலகச் செஸ் கூட்டமைப்பின் கருத்தரங்கில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, போட்டிகளில் நின்று தகுதி சேர்க்கவேண்டும். கட்டணம் உண்டு, ஆனால் வீட்டை அடகு வைக்கிற கட்டணம் அல்ல. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததே, இத்தனை நாட்டு அணிகளின் பலகைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஆகாயத்திலிருந்தா வந்தார்கள்? கால்பந்தில் பயிற்சியாளர் ஆகவேண்டுமானால் அகில இந்தியக் கூட்டமைப்பின் 'டி' உரிமம் முதல் படி. பாட்டியாலாவில் 1961இல் மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர் டிப்ளமோ தருகிறது. குவாலியரில் உடற்கல்விப் பல்கலைக்கழகம், சென்னையில் 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு அரசின் பல்கலைக்கழகம். பிசியோதெரபி படித்தால் மைதானத்தில் வேலை கிடைக்காவிட்டாலும் ஆஸ்பத்திரியில் கிடைக்கும். முழங்கால் வலி எல்லா ஊரிலும் இருக்கிறது, என்னுடையது உட்பட. இவை எல்லாமே சுலபம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசியில் கையில் ஒரு தொழில் இருக்கும்.

அந்த உரிமம் என்ற விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முழுக் கோளாறும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. பிரான்சில் 1963இல் ஒரு சட்டம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு விளையாட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டுமா, அரசு அங்கீகரித்த தகுதி வேண்டும். இப்போது தொழில் அட்டையும் வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், குற்றப் பின்னணி இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நம் ஊரில்? டீக்கடை வைக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். பிள்ளைகளை ஓடவிட்டு, தோள்பட்டையைப் பிடித்துத் திருப்பி, வெயிலில் நிற்கவைக்கும் 'அகாதமி' நடத்த ஒரு பதாகை போதும். யாரும் வரலாம் என்றிருக்கும் இடத்தில் படித்துத் தகுதி பெற்றவனுக்கு என்ன மதிப்பு? மதிப்பில்லாத இடத்தில் சம்பளம் எப்படி வரும்? பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தக் கேள்வியில் இன்னொரு கேள்வியும் இருப்பதைக் கவனிக்கவேண்டும். உரிமம் கட்டாயம் என்று அரசு நாளைக்கு உத்தரவு போட்டால், பாட்டியாலாவிலும் நந்தனத்திலும் படித்துவிட்டு பள்ளியில் தினக்கூலி மாதிரி பி.டி. வாத்தியாராக இருப்பவர்களுக்கு மறுநாளே விலை ஏறும்.

"அனுபவம் இல்லாம யார் தாத்தா வேலை கொடுப்பாங்க?" என்று பேத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. கொடுக்கமாட்டார்கள்தான். நானும் வேலைக்குச் சேர்ந்தபோது கோப்பில் நூல் கோக்கத் தெரியாது, மூத்த எழுத்தர் ஒருவர் ஆறு மாதம் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆறு மாதமும் எனக்குச் சம்பளம் வந்தது. தொழில் பழகுபவருக்கு உதவித்தொகை கொடுக்கவேண்டும் என்று நம் நாட்டிலேயே சட்டம் இருக்கிறது, தொழிற்பழகுநர் சட்டம், 1961. வயிற்றுக்கு அப்பா போடுவார் என்ற தைரியம் உள்ள பிள்ளைதான் ஓசியில் ஒரு வருடம் உழைக்க முடியும். இல்லாத வீட்டுப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். பிறகு ஐந்து வருடம் கழித்து, இந்தத் துறைக்கு கிராமத்துப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று மேடையில் பேசுவார்கள்.

பேத்திக்கு நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். டிப்ளமோவில் கையெழுத்திடும் பல்கலைக்கழகத்தின் பெயர். சென்ற மூன்று வருடத்தில் படித்தவர்கள் எத்தனை பேர், மாதச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். லீக் போட்டிக்கு அனுப்பும்போது நாளொன்றுக்கு எவ்வளவு தருகிறீர்கள். அந்த லீக் நடத்துபவர் எங்கள் பிள்ளைகளுக்காக உங்களுக்கு ஏதாவது தருகிறாரா. பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். ஐந்தே கேள்விகள், ஒரு பக்கம், கீழே என் முகவரி. விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததா என்று மாப்பிள்ளையையே கணினியில் பார்க்கச் சொன்னேன். சேர்ந்துவிட்டது.

பதினெட்டு நாள் ஆகிறது, எனக்குப் பதில் இல்லை. பேத்தியின் செல்போனுக்கு மட்டும் நேற்று ஒரு செய்தி வந்திருக்கிறது: வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் கட்டணத்தில் இருபது சதவிகிதம் தள்ளுபடி. அதை எனக்கு அனுப்பிவிட்டு, கூடவே நடுவர் தேர்வுக்கான பாட்மிண்டன் விதிப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.